ராமையாவின் மனை

காவிரிக் கடைமடை: வரலாற்றுத் தொடர் – 27

எட்டடிக்கு ஒன்பதடி. கீழவெண்மணியில் இருந்த ராமையாவின் குடிசைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு இதுதான். பெருக்கினால் 72 சதுர அடி. மண்சுவர், மேலே கீற்று, ஒரே வாசல். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு அதற்குள் 44 பேர் போய் ஒளிந்தார்கள். நின்றால்தான் கொள்ளும், உட்கார இடம் இருந்திருக்காது.

2005-இல் பாரதி கிருஷ்ணகுமார் வெண்மணியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். படத்தின் பெயர் 'ராமையாவின் குடிசை'. தீ, ரத்தம், கோபம் எதுவும் தலைப்பில் இல்லை. ஒரு மனிதரின் பெயரும் அவர் வீடும் மட்டுமே இருக்கின்றன. அந்தப் பெயரில் ஓர் உருபு என்னை வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. ராமையா'வின்'. குடிசை ராமையாவுடையது, சரி. குடிசை நின்ற மண்?

சென்ற இதழில் பண்ணையாள் முறையைப் பற்றி எழுதும்போது மனை விஷயத்தை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அது தவறு. கீழத்தஞ்சையில் வெண்மணியை மனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சேரி இருந்த நிலம் பெரும்பாலும் மிராசுதாருக்குச் சொந்தம். பண்ணையாள் தன் கையால் மண் குழைத்துச் சுவர் வைப்பார், பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து கீற்று முடைந்து கூரை வேய்வார். ஆனாலும் அது ஆண்டை மனை. பண்ணையை விட்டு நின்றால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கூலிக்கு முரண்டு பிடித்தவரை வெளியேற்ற அடியாள்கூடத் தேவைப்படவில்லை. 'மனையைக் காலி பண்ணு' என்ற ஒரு சொல் போதும்.

இந்தக் கட்டை முதலில் அசைத்தவர் பி. சீனிவாச ராவ். கன்னட நாட்டிலிருந்து வந்த பிராமணர். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசியபடி 1943-இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, சேரியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு விவசாயிகள் சங்கம் கட்டினார். 1944-இல் ஏற்பட்ட மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. இந்த இரண்டு சொல்லையும் இன்றைய இளைஞர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வேலைக்குப் பிந்தி வந்தவரைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பதும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் தஞ்சைப் பண்ணைகளில் 'தண்டனை' என்ற பெயரில் நடந்தவை. ஒப்பந்தத்தில் எழுதி நிறுத்த வேண்டிய அளவுக்கு அவை வழக்கமாக இருந்தன என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

1952-இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு (ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) மேல் நிலம் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. பண்ணையாளை நினைத்தபோது நீக்க முடியாது என்றது சட்டம். நிலக்காரர்கள் பண்ணையாள் என்ற ஏற்பாட்டையே கைவிட்டு எல்லோரையும் அன்றாடக் கூலிகளாக்கினார்கள். பாதி அடிமைத்தனம் போயிற்று, அதோடு பாதி வயிற்றுப்பாட்டுக்கான உத்தரவாதமும் போயிற்று. மனை மட்டும் பழையபடி ஆண்டையுடையதாகவே இருந்தது.

பிறகு வந்தது புதிய நெல். 1960-இல் இந்திய அரசு தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. சில ஆண்டுகளில் ஆடுதுறை 27 குறுவைக்கு இறங்கியது. விளைச்சல் கூடியது. ஆனால் குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் வந்து மாட்டிக்கொள்ளும் அறுப்பு. கதிர் தலைசாய்ந்து நிற்கும்போது நாலு நாள் மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அந்த நாலு நாளில் அறுவாளைக் கீழே வைத்தால் மிராசுதார் திண்டாட வேண்டியதுதான் என்பது கூலி ஆட்களுக்குத் தெரிந்தது. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினால் கூலி ஆட்கள் திண்டாட வேண்டியதுதான் என்பது மிராசுதாருக்கும் தெரிந்தது. 1960-களின் பின்பாதியில் நாகப்பட்டினம் தாலுகாவில் நடந்த அத்தனை தகராறும் இந்த இரண்டு தெரிதல்களுக்கு இடையே நடந்தவை.

மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் கண்டார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. சேரிகளில் பறந்த சிவப்புக் கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. சேர மறுத்தவர்களுக்கு அபராதம்.

இங்கே சற்று நிறுத்தி, நாமெல்லாம் சொல்லிப் பழகிய ஒரு கதையைத் திரும்பிப் பார்க்கிறேன். 'அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக எரித்தார்கள்.' மேடையில், பாட்டில், பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைக்கும் எல்லா எழுத்திலும் வெண்மணி இப்படித்தான் வருகிறது. பொய் இல்லை. கூலி உயர்வுப் போராட்டம் நடந்தது, கேட்டது சொற்ப நெல்தான். கேட்டது எவ்வளவு கொஞ்சம், கொடுத்த விலை எவ்வளவு அதிகம் என்று மனம் பதைக்க வைப்பதற்கு அரைப்படி நல்ல உவமை. ஆனால் அது விஷயத்தைச் சிறியதாக்கிவிடுகிறது. அரைப்படிதான் பிரச்சினை என்றால் பேசித் தீர்த்திருக்கலாம். மாவட்டத்தின் வேறு பகுதிகளில் முத்தரப்புப் பேச்சு நடத்தி அப்படித் தீர்த்துமிருக்கிறார்கள். வெண்மணியில் அன்று மாலை தகராறு வெடித்தது களத்துமேட்டிலா? இல்லை. சேரியில் டீக்கடை வைத்திருந்த ஒருவரிடம். அவர் அளக்கும் நெல்லையா கூடக் கேட்டார்? கொடியை மாற்ற மறுத்தார், அதற்குப் போட்ட அபராதத்தைக் கட்ட மறுத்தார். 250 ரூபாய் என்பது ஊரில் சொல்லும் தொகை. அவரைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவைத்தார்கள். சேரி ஆட்கள் திரண்டு போய் மீட்டு வந்தார்கள்.

நெல்லை அளந்து கொடுத்தால் தீர்ந்துபோகும். யாருடைய ஆள் என்ற கேள்வி அப்படித் தீராது. தன் மனையில் குடியிருப்பவர் தன் கொடியின் கீழ் இல்லாமல் வேறொரு கொடியின் கீழ் நிற்பதை நாலு தலைமுறை மிராசு ஏற்றுக்கொள்ளாது. அந்த மனைக்காரர் ஆதிதிராவிடராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வெண்மணி சாதிப் படுகொலையா, வர்க்கப் படுகொலையா என்று ஐம்பது ஆண்டுகளாகக் கட்சிகள் வாதாடுகின்றன. இறந்த 44 பேரும் தலித்துகள். 44 பேரும் விவசாயக் கூலிக் குடும்பத்தார். கீழத்தஞ்சையில் இந்த இரண்டு கணக்கையும் பிரித்தெழுதக்கூடிய பேரேடு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்த மீட்பில் நடந்த கைகலப்பில் மிராசுதார் தரப்பின் ஆள் பக்கிரிசாமிப் பிள்ளை கொல்லப்பட்டார். இதையும் வரலாறு சொல்லத்தான் வேண்டும். இரவில் ஒரு கூட்டம் ஆயுதங்களோடு, துப்பாக்கிகளோடு சேரிக்குள் வந்தது. ஓட முடிந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். மார்கழி இருட்டு, காலில் சேறு, பக்கத்தில் நெல் பிடித்து நின்ற சம்பா. ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் தெருக்கோடியிலிருந்த ராமையாவின் குடிசைக்குள் புகுந்தார்கள். கதவை வெளியே பூட்டிக் கூரையில் தீ வைத்தார்கள். கீற்று எரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீயும் கீற்றில்தான் பிடித்தது.

வேளாங்கண்ணியில் அன்று கிறிஸ்துமஸ். பத்து மைல் சுற்றுவட்டாரத்துக்குள் இரண்டு இரவுகள்.

செய்தித்தாள்களில் முதலில் வந்தது விவசாயிகளுக்குள் மோதல் என்ற தோரணையில்தான். யார் யாரோடு மோதினார்கள் என்பது சில நாட்களில் தெரிந்தது. காவல்துறைக் கணக்கில் இறந்தவர்கள் 42 பேர், ஊரின் கல்வெட்டில் 44 பேர். எரிந்த உடல்களை எண்ணியவர்களுக்கும், வீட்டுக்கு வீடு காணாமல் போனவர்களை எண்ணியவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் அது. நான் கல்வெட்டையே நம்புகிறேன். தாய் மார்போடு அணைத்த குழந்தை அவளோடு சேர்ந்து கரியானால் எண்ணுபவருக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

முதலமைச்சர் அண்ணா நோயோடு இருந்தார். அமைச்சர்கள் கருணாநிதியையும் மாதவனையும் அனுப்பினார். ஆறு வாரத்துக்குள் அவரே காலமானார். நியூயார்க்கில் ஐ.நா. வேலையை விட்டுத் தமிழ்நாடு திரும்பியிருந்த மைதிலி சிவராமன் வெண்மணிக்குப் போய்ப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார். வெளி உலகத்துக்கு இந்த ஊரின் பெயர் தெரிந்ததில் அந்தக் கட்டுரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி நீதிமன்றம். 23 பேர் மீது வழக்கு. 1970 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் செசன்சு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டு கடுங்காவல் விதித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதி தமிழ்நாட்டு நீதித்துறை வரலாற்றில் தனியாக நிற்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோருமே மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறது, பெரும்பாலோர் நிறைய நிலமுள்ள செல்வந்தர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். மார்கழி மாதத்தில் கீழத்தஞ்சை வரப்பைப் பார்த்தவர் எவரும் காரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். அன்று சேரிக்குக் கார் போகும் வழி இருக்கவில்லை. கலெக்டரே ஆனாலும் நடந்துதான் போக வேண்டியிருந்தது.

பக்கிரிசாமிப் பிள்ளை கொலை வழக்கு தனியாக நடந்தது. அதில் வெண்மணித் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது, ஒருவருக்கு ஆயுள். ஆக அன்றிரவு இறந்த 45 பேரில் ஒருவரின் சாவுக்கு மட்டும் நீதிமன்றம் குற்றவாளிகளைக் கண்டுபிடித்தது. 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். செய்தவர்கள் நக்சல்பாரி இயக்கத்தவர் என்பது பரவலாக அறியப்பட்டது. 'தீர்ந்தது கணக்கு' என்று அன்று பலர் பேசினார்கள். கொலையால் ஒரு மனிதரின் கணக்கு முடியலாம். தீர்ப்பு மட்டும் எழுதியபடியே இருக்கிறது.

இங்கே அமெரிக்கக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் குண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் இறந்தார்கள். முதல் குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்க 1977 ஆயிற்று. 1997-இல் ஸ்பைக் லீ அந்தச் சிறுமிகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். மூடிக் கிடந்த வழக்கு அந்தக் காலத்தில் மறுபடி திறக்கப்பட்டு, 2001-இலும் 2002-இலும் இன்னும் இருவர் கிழவர்களாகக் கூண்டில் நின்று ஆயுள் தண்டனை பெற்றார்கள். நம் ஆவணப்படம் வந்தபோது திறப்பதற்கு வழக்கே இல்லை. சம்பவம் நடந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. சாட்சி சொல்ல நீதிமன்றமும் இல்லாமல் போன பிறகு, மிச்சமிருந்தது ஒரு கேமராதான்.

அந்தப் படத்துக்கு முன்பு வெண்மணியைச் சுமந்தது இலக்கியம். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஸ்ரீதர் ராஜன் அதை 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படமாக எடுத்தார். நாவலுக்கு எதிராக இடதுசாரிகள் சொன்னது நினைவிருக்கும்: மிராசுதாரின் கொடூரத்துக்கு அவனுடைய ஆண்மைக் குறைவைக் காரணமாக்கிவிட்டது என்பது. எனக்கும் அந்தக் குறை உண்டு. ஒருவனுடைய உடல் கோளாறில் காரணத்தைத் தேடினால் மற்ற 22 பேரின் உடம்பையும் சோதிக்க வேண்டும். நல்ல நாவல்தான், ஆனால் அதன் கண் மாளிகைப் பக்கமே போய்ப் போய் நிற்கிறது. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' தஞ்சை மண்ணின் பேச்சோடு சேரியிலிருந்து எழுந்தது. மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 2014-இல் வந்தது.

பாரதி கிருஷ்ணகுமார் கேமராவை வைத்தது உயிர் பிழைத்தவர்களின் முன்னால். தாயையும் பிள்ளையையும் உடன்பிறந்தாரையும் இழந்தவர்கள் வயதாகித் தலை நரைத்து உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் அரைப்படி வருகிறது, கொடி வருகிறது, யார் யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள் என்பதும் வருகிறது. அதைவிட அதிகமாக உறவுமுறைகள் வருகின்றன. கல்வெட்டில் நாற்பத்து நான்கு பெயர்களாக இருப்பவர்கள், அவர்கள் வாயில் அத்தையாகவும் தங்கச்சியாகவும் மருமகளாகவும் ஆகிறார்கள். எங்கள் பக்கத்தில் வெண்மணிப் பேச்சு எடுத்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். படத்தில் இவர்கள் குரலைத் தாழ்த்தவில்லை. ஊரில் யார் குரலைத் தாழ்த்தினார்கள், ஏன் தாழ்த்தினார்கள் என்று அப்போதுதான் எனக்கு யோசிக்கத் தோன்றியது.

எரிந்த பிறகு அரசாங்கம் செய்தவை இரண்டு. ஒன்று கூலி பற்றியது. கணபதியா பிள்ளை தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்து, அதன் பரிந்துரைப்படி 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்தார்கள். கீழத்தஞ்சையில் அறுப்புக் கூலி இவ்வளவு, நடவுக் கூலி இவ்வளவு என்று சட்டப் புத்தகத்தில் ஏறியது. அரைப்படிக்கு வழி பிறந்தது என்று சொல்லலாம். மேடைகளில் இந்தச் சட்டத்தைத்தான் அதிகம் குறிப்பிடுவார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது. 1971-இல் குடியிருப்பு அனுபோகதாரர் உரிமைச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழும் விவசாயத் தொழிலாளருக்கும் சிறு விவசாயிக்கும் அந்த மனை சொந்தம் என்றது அது. மிராசுதாருக்கு ஓர் இழப்பீடு, குடியிருப்பவருக்குப் பட்டா. டெல்டாவில் கொடி பறப்பதற்குக் கூலிச் சட்டத்தைவிட இந்த மனைப் பட்டா அதிகம் உதவியிருக்கிறது. 'காலி பண்ணு' என்ற சொல்லுக்கு அன்றோடு பல் போயிற்று. ராமையா'வின்' என்ற உருபைச் சட்டம் ஒப்புக்கொண்டபோது, குடிசை சாம்பலாகி மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

மனை வந்தது, வயல் வரவில்லை. உச்சவரம்பை 1970-இல் 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்தும், பினாமிப் பெயர்களுக்குள்ளும் அறக்கட்டளைகளுக்குள்ளும் நிலம் பத்திரமாக ஒளிந்துகொண்டது. வெண்மணிச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்தவர்களில் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் உண்டு. வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்து நடந்து பழகிய தம்பதி. 1981-இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வங்கிக் கடன் வாங்கி, மிராசுதாரிடம் விலை பேசி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். இனாம் கேட்கவில்லை, ஜப்தி செய்யவும் இல்லை. சிவப்புக் கொடிக்காரர்களுக்கு இந்த வழியில் சந்தேகம் இருந்தது, அதற்கு நியாயமும் இருந்தது: உழைத்த மண்ணைக் கடன் வாங்கி ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

கிருஷ்ணம்மாள் அதற்கு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஒன்றில் மட்டும் கறாராக இருந்தார். பத்திரம் ஆண்கள் பெயரில் கிடையாது. ஏக்கர் ஒவ்வொன்றும் வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவானது. கைநாட்டு வைக்க வரிசையில் நின்ற அந்தப் பெண்களிடமிருந்து அடுத்த இதழைத் தொடங்குகிறேன்.